யாரும் வெல்லாத பதக்கம்

1930ஆம் ஆண்டில் அமெரிக்கா மதுவிலக்கில் இருந்தது. மது காய்ச்சுவதும் விற்பதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதும் குற்றம் என்று அரசியல் சட்டத்தையே திருத்திப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அந்த ஆண்டில், புதிதாகத் தொடங்கிய ஒரு சங்கத்தின் சந்தாதாரர்களுக்கு வெண்கலப் பதக்கம் ஒன்று வந்து சேர்ந்தது. முன்புறத்தில் கொடியும் இலையும் சூடிய டயோனிசஸ், கிரேக்கர்களின் மதுக் கடவுள். திராட்சைக்குள் இருக்கும் மாயத்தை முதலில் கண்டறிந்தவன் வாழ்க என்ற பொருளில் ஒரு வாசகம். பின்புறத்தில் திராட்சையை மிதித்துக் கொண்டாடும் சாட்டிர்கள், அதாவது டயோனிசஸின் பரிவாரமான காட்டுத் தேவர்கள். செய்தவர் பால் மேன்ஷிப். சில ஆண்டுகளில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் பொன்னிறப் புரொமீதியஸ் சிலையை நிறுவப்போகிறவர்.

அந்தப் பதக்கத்தை யாரும் வெல்லவில்லை. போர்க்களத்திலோ விளையாட்டுத் திடலிலோ பள்ளிக்கூடத்திலோ யாருக்கும் அது சூட்டப்படவில்லை. மாட்டிக்கொள்ள வளையமும் இல்லை, நாடாவும் இல்லை. ஒரு சிற்பிக்குத் தோன்றியது; அதை இரண்டு பக்கமாகச் செய்தார்; பணம் கட்டியவர்கள் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். என்ன வரப்போகிறது என்று தெரியாமலேதான் அவர்கள் சந்தா கட்டியிருந்தார்கள். என்ன செய்வது என்பதைச் சிற்பியே முடிவு செய்யலாம் என்பதுதான் அந்தச் சங்கத்தின் அடிப்படை. ‘சொசைட்டி ஆஃப் மெடலிஸ்ட்ஸ்’ என்ற பெயரில், ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கில், 1995 வரை 129 பதக்கங்களை அது வெளியிட்டது. இவ்வளவு நீண்ட காலம் ஓடிய கலைப் பதக்க வரிசை அமெரிக்காவில் வேறு கிடையாது. இப்படி ஒரு பொருள் பிறப்பதற்கு அந்த நாட்டுக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தத் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது.

பதக்கம் என்ற கலை அமெரிக்காவுக்குச் சொந்தமானதல்ல. இத்தாலியில், 1438ஐ ஒட்டி, பிசனெல்லோ என்ற ஓவியர் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானின் முகத்தை ஒரு வட்டத்தில் வார்த்தெடுத்ததிலிருந்து அது தொடங்குகிறது. அமெரிக்காவின் முதல் பதக்கங்களும் வெளிநாட்டில்தான் அடிக்கப்பட்டன. பாஸ்டன் நகரிலிருந்து ஆங்கிலேயப் படையை வெளியேற்றியதற்காக ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தங்கப் பதக்கம் கொடுப்பதென்று 1776 மார்ச் 25 அன்று காங்கிரஸ் தீர்மானித்தது. சுதந்திரப் பிரகடனத்துக்கும் முந்தைய தீர்மானம் அது. ஆனால் அச்சு வெட்டத் தெரிந்தவர் உள்நாட்டில் இல்லை. பாரிசில் துவிவியே என்பவர் அந்த வேலையைச் செய்தார். வாஷிங்டன் கைக்குப் பதக்கம் வரும்போது ஆண்டு 1790. அவர் அதற்குள் குடியரசுத் தலைவராகவே ஆகிவிட்டிருந்தார்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எண்ணத்தில் உதித்த ‘லிபெர்டாஸ் அமெரிக்கானா’ பதக்கமும் பாரிசில் பிறந்ததே. தொட்டிலில் கிடந்தபடியே இரண்டு பாம்புகளை நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸ்தான் புதிய நாடு. பாம்புகள் இரண்டும் சரடோகாவிலும் யார்க்டவுனிலும் சரணடைந்த ஆங்கிலேயப் படைகள். பாய்ந்து வரும் விலங்கு பிரிட்டன். கேடயம் நீட்டிக் குழந்தையைக் காக்கும் மினர்வா தேவி பிரான்ஸ். ஒரு போரின் அரசியல் முழுவதையும் ஒரு வட்டத்துக்குள் இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேலை அரிது. அகஸ்தின் துப்ரே வெட்டிய அந்த அச்சின் அழகை அடுத்த 100 ஆண்டுகளுக்கு அமெரிக்க நாணயச் சாலையால் நெருங்க முடியவில்லை என்பது என் எண்ணம்.

நாணயச் சாலையில் பதக்கங்கள் அடிக்கப்படாமல் இல்லை. போர் வெற்றிக்கு ஒன்று, குடியரசுத் தலைவர் பதவியேற்றால் ஒன்று, பூர்வகுடித் தலைவர்களோடு உடன்படிக்கை செய்தால் அவர்களுக்குக் கொடுக்க ஒன்று. ஜோசப் லூபா 1878இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல், முதல் 100 ஆண்டுகளின் அதிகாரபூர்வப் பதக்கங்களைச் செப்புத்தகட்டு ஓவியங்களோடு பதிவு செய்தது. பக்கத்துக்குப் பக்கம் தளபதிகள், கப்பல்கள், தலைவர்களின் பக்கவாட்டு முகங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அரசாணையோ தீர்மானமோ நிற்கிறது. தன் விருப்பத்துக்கு ஒரு மானையோ மழையையோ மதுக் கடவுளையோ செய்துபார்த்த சிற்பி அந்த நூலில் இல்லை.

இருக்க முடியாததற்குத் தொழில்முறையே காரணம். பதக்கம் அடிக்க எஃகு அச்சு வேண்டும். அச்சை வெட்டுகிறவர் உலோகத்தில், தலைகீழாக, உள்வாங்கிய பள்ளமாக, கடைசி அளவிலேயே செதுக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் பட்டறைப் பயிற்சி தேவை. களிமண்ணில் பெரிதாகக் கைவைத்துப் பழகிய சிற்பிக்கு அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அச்சுச் செதுக்குநர்கள் கைத்திறன் மிக்கவர்கள். 1880 முதல் 1917 வரை நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநராக இருந்த சார்லஸ் பார்பரும் தேர்ந்த தொழிலாளிதான். ஆனால் நாணயத்துக்குப் பழகிய கை அவருடையது. நாணயம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், ஒரே அடியில் பதிய வேண்டும், கைமாறித் தேய வேண்டும். அதனால் உருவம் தட்டையாகவும் கோடு கறாராகவும் இருந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் பதக்கங்களிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சுவரில் மோதிய முதல் பெரிய கலைஞர் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். 1848இல் டப்ளினில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் வந்து, 13 வயதில் கல்லில் புடைப்பு உருவம் வெட்டும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு பாரிசில் சிற்பம் படித்தார். சின்ன அளவில் வேலை செய்த கையும் பெரிய சிலை செய்த கண்ணும் ஒருவரிடமே சேர்ந்தது அமெரிக்கப் பதக்கக் கலையின் பெரிய நல்வாய்ப்பு. கொலம்பஸ் வந்து 400 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடச் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பரிசுப் பதக்கம் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. முன்புறத்தில் கரையில் கால் வைக்கும் கொலம்பஸ். பின்புறத்தில் கேடயம் ஏந்திய ஆடையற்ற இளைஞன். அந்த இளைஞனைப் பார்த்து எழுந்த கூச்சல் செனட் வரை போனது. செயின்ட் காடன்ஸ் பின்புறத்தை மாற்றிச் செய்து கொடுத்தும் பயனில்லை. முன்புறம் அவருடையது, பின்புறம் பார்பருடையது என்று இரண்டு கைகளின் வேலையை ஒட்டவைத்த பதக்கமாக அது 1896இல் வெற்றியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அதைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு பக்கத்தில் கடற்காற்று வீசுகிறது. மறுபக்கத்தில் எழுத்துகளும் கேடயங்களும் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன.

அதே காலத்தில் பிரான்சில் இந்தக் கலை புது உயிர் பெற்றிருந்தது. பொன்ஸ்கார்ம் என்பவர் 1867இல் செய்த ஒரு பதக்கத்தில், விளிம்பில் உயர்ந்து நிற்கும் வரப்பையும் கண்ணாடிபோல் பளபளக்கும் பின்னணியையும் கைவிட்டார். உருவம் தளத்திலிருந்து தானாக எழுவதுபோல் இருந்தது. அவருக்குப் பிறகு ஷாப்ளேன், ஆஸ்கார் ரோட்டி. ரோட்டியின் ‘விதைப்பவள்’ பிரெஞ்சு நாணயத்தில் ஏறி உலகப் புகழ் பெற்றாள். லிங்கன் முகத்தை அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் செய்த விக்டர் டேவிட் பிரென்னர், லித்துவேனியாவிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளி, பாரிசில் ரோட்டியிடம் படித்தவர். 1899இல் ரோஜர் மார்க்ஸ் என்ற விமர்சகரின் முயற்சியால் பிரெஞ்சுப் பதக்க நண்பர்கள் சங்கம் பிறந்தது. உறுப்பினர் பணம் கட்டுவார், சங்கம் கலைஞருக்கு வேலை கொடுக்கும், பதக்கம் உறுப்பினருக்கு வரும். பிற்பாடு அமெரிக்காவில் எழுந்த எல்லாவற்றுக்கும் இதுவே முன்மாதிரி.

சங்கம் மட்டும் போதாது. 1899ஆம் ஆண்டிலேயே பாரிசில் விக்டர் ஷான்வியே என்பவர் காப்புரிமை பெற்ற ஒரு இயந்திரத்தைப் பற்றி இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். பெரிய மாதிரியைச் சிறிதாக்கி எஃகில் வெட்டும் இயந்திரங்கள் அதற்கு முன்பும் இருந்தன. பிலடெல்பியா நாணயச் சாலையிலும் இருந்தன. ஆனால் அவை வெட்டியதில் கூர்மை போதாது. செதுக்குநர் மறுபடி உளியெடுத்துத் திருத்தியாக வேண்டும். திருத்தும்போது சிற்பியின் கை மறைந்து செதுக்குநரின் கை வந்துவிடும். ஷான்வியேயின் இயந்திரத்தில் ஒரு பக்கம் பெரிய உலோக மாதிரி சுழலும். இன்னொரு பக்கம் எஃகுத் துண்டு அதே வேகத்தில் சுழலும். இரண்டையும் இணைத்து ஒரு நீண்ட கை. அதன் ஒரு முனையில் மாதிரியின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்க்கும் ஊசி. கையின் அச்சாணிக்கு அருகில் வெட்டும் கூர். ஊசி மாதிரியின் நடுவில் தொடங்கி, சுருள் சுருளாக விளிம்பை நோக்கி நகரும். ஊசி ஏறினால் கூரும் ஏறும், இறங்கினால் இறங்கும், ஆனால் தூர விகிதத்துக்கு ஏற்பச் சிறிய அளவில். ஒரு அச்சுக்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். முதலில் பரும்படியாக ஒரு வெட்டு, பிறகு மென்மையாக இன்னொன்று. சிற்பி களிமண்ணில் விரலால் அழுத்திய தடம்கூட எஃகில் வந்துவிடும்.

அமெரிக்கக் கலைப் பதக்கம் இந்த இயந்திரத்தில்தான் கருக்கொண்டது என்று நான் நம்புகிறேன். புகழ்பெற்ற கலைஞர்களின் பெயர்கள் முன்னால் நிற்பதால் இந்தப் பித்தளைப் பல்சக்கரங்கள் நம் கண்ணில் படுவதில்லை. செயின்ட் காடன்ஸுக்கே அதன் அருமை தெரிந்திருந்தது. நாட்டின் நாணயங்கள் சகிக்க முடியாத அளவுக்கு அழகற்றவை என்று கொதித்த குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அவரை மறுபடி அழைத்து வந்தார். 20 டாலர் தங்க நாணயத்துக்கு அவர் செய்த உயர்ந்த புடைப்பு மாதிரியைப் பிலடெல்பியாவின் பழைய இயந்திரத்தால் ஒழுங்காகச் சிறிதாக்க முடியாமல், பாரிசுக்கு அனுப்பிச் செய்து வாங்க வேண்டியிருந்தது. நாணயம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1907 ஆகஸ்டில், அவர் காலமானார்.

இயந்திரம் அமெரிக்காவுக்குள் வந்த வழி வேறு. நியூயார்க்கில் பெண்களின் கைப்பைகளுக்கு உலோக அலங்காரம் செய்த ஒரு நிறுவனம் தன் தொழிலுக்காக ஷான்வியே இயந்திரத்தை வரவழைத்தது. அதை இயக்கும் பொறுப்பு ஹென்றி வைல் என்பவரிடம். கைப்பை மோகம் மாறியதும் இயந்திரத்துக்கு வேலை இல்லாமல் போனது. வைல் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தம்பி ஃபீலிக்ஸும் இதே தொழிலில் இருந்தார். சிற்பிகளின் மாதிரிகளைச் சிறிதாக்கிக் கொடுப்பதும் பதக்கமாக அடித்துக் கொடுப்பதுமாக ‘மெடாலிக் ஆர்ட் கம்பெனி’ இப்படி வளர்ந்தது. அரசு நாணயச் சாலையின் வாசலில் நிற்காமலேயே ஒரு சிற்பி பதக்கம் செய்ய முடியும் என்ற நிலை இதனால் உருவானது.

வாங்குகிறவர்களைத் திரட்டும் முயற்சி உடனே தொடங்கியது. ராபர்ட் ஹூயிட் என்பவர் லிங்கன் பதக்கங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். லிங்கன் பிறந்த நூற்றாண்டையொட்டி 1908இல் வெளியான ஒரு நூலில் பிரெஞ்சுச் சிற்பி ரொவானேயின் லிங்கன் பதக்கத்தை அட்டைகளுக்கு நடுவே பதித்தே கொடுத்தார். கவிஞரும் கலை விமர்சகருமான சார்லஸ் டீ கே அவரோடு சேர, ‘பதக்க நண்பர்கள் வட்டம்’ உருவானது. 1909இல் முதல் வெளியீடு: ஹட்சன் ஆற்றில் கப்பல் விட்ட ஹென்றி ஹட்சனையும் நீராவிக் கப்பலோட்டிய ராபர்ட் ஃபுல்டனையும் நினைவுகூரும் விழாவுக்காக ஜான் ஃப்ளானகன் செய்தது. ஒவ்வொரு பதக்கமும் ஒரு சிறு புத்தகத்துக்குள் குழிவெட்டிப் பொருத்தப்பட்டு வந்தது. படிக்கவும் தொடவும் ஒரே பொருள். 1912இல் அமெரிக்கா வந்த பஹாய் சமயத் தலைவர் அப்துல் பஹாவுக்கும் ஒரு பதக்கம் உண்டு. 12 வெளியீடுகளோடு, 1915இல், வட்டம் முடிந்துபோனது. இந்த வரிசையில் நூற்றாண்டு விழாக்களும் பெரிய மனிதர்களும் அதிகம். நினைவுப் பதக்கம் என்ற பழைய கடமையிலிருந்து முழுதும் விடுபடாத முதல் முயற்சி என்றே இதைச் சொல்வேன்.

அதற்கு இடையில் நடந்த ஒரு கண்காட்சியை விட்டுவிடக் கூடாது. 1858இல் தோன்றிய அமெரிக்க நாணயவியல் கழகம், ஆர்ச்சர் ஹண்டிங்டன் என்ற செல்வரின் ஆதரவில் மன்ஹாட்டனின் வடபகுதியில் புதுக் கட்டடத்துக்கு வந்திருந்தது. 1910 மார்ச்சில் அங்கே பல நாட்டு நவீனப் பதக்கங்களைக் கூட்டிவைத்தார்கள். கண்காட்சி சில வாரங்களில் முடிந்துவிட்டது. அதன் விவரப் பட்டியல் முடியவில்லை. திருத்திய பதிப்பு அடுத்த ஆண்டு வந்தது. கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்பும் அவரவர் பதக்கங்களின் வரிசையும் படங்களுமாகக் கனத்த நூல். ஒரு சிற்பியின் பதக்க வேலை முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்ற பழக்கம் அமெரிக்காவில் அந்த நூலிலிருந்து வேர்விட்டது. அதே கழகம் 1913இல் நிறுவிய சால்டஸ் விருது, பதக்கக் கலைக்கென்றே கொடுக்கப்படுவது. அதை முதலில் பெற்றவர் சிற்பி ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசர்.

இனி 1930. வைல் சகோதரர்களின் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் தலைமைக்கு வந்திருந்தார் கிளைட் டிரீஸ். பள்ளிப் பதக்கமும் நிறுவன விழாப் பதக்கமும் அடித்தே அவர் பட்டறையை நடத்தியிருக்கலாம். சிற்பிகள் தங்கள் விருப்பப்படி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்குக் கைகொடுத்தவர் ஜார்ஜ் டூபாண்ட் பிராட். எண்ணெய்த் தொழிலில் பெரும்பணம் சேர்த்த குடும்பத்தில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்பு ஆணையராகப் பணியாற்றி, கலைப்பொருள்களைச் சேர்த்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தவர். பங்குச் சந்தை சரிந்து ஓராண்டுகூட முழுதாக ஆகாத நேரம். வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில், கண்ணால் பாராத வெண்கல வட்டத்துக்குச் சந்தா கட்டுங்கள் என்று கேட்கத் துணிவு வேண்டும். கட்ட ஆள் இருந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

முதல் வெளியீட்டை ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். லாரா கார்டின் ஃப்ரேசர், அமெரிக்க நாணயம் ஒன்றை வடிவமைத்த முதல் பெண். 1921இல் வந்த அலபாமா நூற்றாண்டு அரை டாலர் அவருடையது. ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசர் அவருடைய கணவர். சங்கத்துக்காக அவர் தேர்ந்தது ஒரு வேட்டைக்காரனையும் அவன் நாயையும். பின்புறத்தில் அவர்கள் தேடும் காட்டுக்கோழி, ‘ரஃப்டு கிரௌஸ்’. விலங்குகளைச் செய்வதில் அவருக்கு நிகர் சிலரே. தலைவர் இல்லை, வெற்றி இல்லை, ஆண்டு விழா இல்லை. ஒரு பக்கம் தேடுகிறவன், மறுபக்கம் தேடப்படுவது. பதக்கத்தைத் திருப்புகிற அந்த ஒரு கணத்தை வேட்டையாகவே மாற்றிவிட்ட அறிவு அது. இரண்டு பக்கங்களும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பது பதக்கத்தின் குறை அல்ல, அதன் பலம் என்பதை முதல் வெளியீடே காட்டிக்கொடுத்தது.

இதே லாரா 1932 வாஷிங்டன் கால் டாலர் போட்டியில் கலை ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்றும், கருவூலச் செயலர் வேறொருவரின் வடிவத்தைத் தேர்ந்ததால் வாய்ப்பை இழந்தார். அவர் செய்த வாஷிங்டன் முகம் 2022 முதல் கால் டாலர் நாணயங்களில் ஏறியது. அவர் காலமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அரசின் தேர்வுக்குக் காத்திருந்த வேலைக்கு 90 ஆண்டுகள் பிடித்தன. சந்தாதாரர்களுக்காகச் செய்த வேலை அந்த ஆண்டே கைக்குப் போனது.

இரண்டாவது வெளியீடு மேன்ஷிப்பின் டயோனிசஸ். மூன்றாவது, 1931இல், ஹெர்மன் மெக்நீலின் ‘ஹோப்பி மழை வேண்டல்’. இந்த வரிசையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். மெக்நீல் 1895இல் எழுத்தாளர் ஹாம்லின் கார்லண்டோடு அமெரிக்கத் தென்மேற்குக்குப் போய், அரிசோனாவின் ஹோப்பி மக்கள் பாம்புகளை ஏந்தி ஆடும் மழைச் சடங்கை நேரில் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் பாம்புகளை எடுத்துக்கொண்டு இளைஞர்கள் திசைக்கொருவராக ஓடிப்போய்ச் சமவெளியில் விடுவார்கள். அவை மண்ணுக்குள் போய் மழைக்குத் தூது சொல்லும் என்பது நம்பிக்கை. அந்த ஓட்டத்தை மெக்நீல் இளமையிலேயே சிலையாகச் செய்திருந்தார். பார்த்து 36 ஆண்டுகள் கழித்து, அவரிடம் யாரும் தலைப்புக் கொடுக்காதபோது, மறுபடி அங்கேயே போனார். உருவங்கள் தளத்திலிருந்து துணிந்து எழும்பி நிற்கின்றன. நாணயத்தில் இப்படி ஒன்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான்காவதாக, அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்கை ஃபிரெட்ரிக் மெக்மானீஸ் செய்தார். ஐந்தாவது லீ லாரி, ஆறாவது ஃப்ளானகன். மெக்மானீஸும் ஃப்ளானகனும் செயின்ட் காடன்ஸின் பட்டறையில் உதவியாளர்களாக இருந்தவர்கள். குருவுக்குக் கிடைக்காத உரிமை சீடர்களுக்குக் கிடைத்தது.

சிற்பி களிமண்ணில் செய்து பிளாஸ்டரில் எடுத்துக் கொடுத்த பிறகு பட்டறையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பதக்கத்தை மதிப்பிட அந்த அறிவு தேவை. பிளாஸ்டர் மாதிரியின் மேல் மின்முலாம் முறையில் செம்பைப் படியவைத்து, உறுதியான செப்பு வார்ப்பு ஒன்று எடுப்பார்கள். அதற்குக் ‘கால்வனோ’ என்று பெயர். ஷான்வியே இயந்திரத்தின் ஊசி தடவுவது இதைத்தான். வெட்டிய எஃகைக் கடினப்படுத்தி அச்சாக்கி, வெண்கல வில்லையைப் பெரிய அழுத்த இயந்திரத்தில் வைத்து அடிப்பார்கள். உயர்ந்த புடைப்பு ஒரே அடியில் நிரம்பாது. ஒருமுறை அடித்ததும் உலோகம் இறுகிப்போகும். உலையில் காய்ச்சி இளக்கி, திரும்பவும் அதே அச்சுக்குள் சரியாகப் பொருத்தி அடிக்க வேண்டும். வழக்கமான அளவு 73 மில்லிமீட்டர் விட்டம். கடைசியில் ரசாயனக் கரைசலில் முக்கி நிறமேற்றி, மேடுகளை மட்டும் லேசாகத் தேய்த்து வெளிச்சம் வரவைப்பார்கள். பள்ளத்தில் கருமை, மேட்டில் பொன்னிறம் என்று நாம் பார்ப்பது பழமையால் வந்த களிம்பல்ல. சிற்பத்தின் ஒரு பகுதியாகத் திட்டமிட்டு ஏற்றிய நிறம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் இதைத் துலக்கினால் பாதிச் சிற்பம் போய்விடும். அப்படிப் பளபளப்பாக்கப்பட்ட பதக்கங்கள் சந்தையில் எவ்வளவோ உண்டு. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

வெளியானவற்றைச் சேர்ப்பது ஒரு வேலை. இன்னது இன்னதென்று எழுதிவைப்பது அதைவிடப் பெரிய வேலை. நாணயத்துக்கு முகமதிப்பு உண்டு, ஆண்டு உண்டு, அரசின் கணக்கு உண்டு. கலைப் பதக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. தலைப்பு பெரும்பாலும் பதக்கத்தின் மேல் இருக்காது. சிற்பியின் கையொப்பம் ஒரு மூலையில் இரண்டு எழுத்தாகப் பின்னிக்கிடக்கும். ஆகவே விவரம் எழுதுகிறவர் முதலில் பார்ப்பது முகத்தையல்ல, விளிம்பை. சங்கத்தின் பல பதக்கங்களில் எத்தனையாவது வெளியீடு, யார் அடித்தது என்பது அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளியில் அடித்த குறைந்த எண்ணிக்கைப் பிரதி என்றால் அதையும் விளிம்பே சொல்லும். பிறகு விட்டம், எடை, உலோகம், மேல்நிறம். முன்புறத்தை நிமிர்த்திப் பிடித்துத் திருப்பினால் பின்புறம் நிமிர்ந்து வருகிறதா தலைகீழாகவா என்பது. ஒரே அச்சிலிருந்து இருவேறு நிறத்தில் வந்தவை உண்டு.

அதோடு ஒரு துண்டுத்தாளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டோடும் சிற்பி தான் ஏன் இதைச் செய்தேன் என்று விளக்கும் சிறு குறிப்பு சந்தாதாரருக்கு வந்தது. பதக்கம் பேரப்பிள்ளைகள் வரை போய்ச் சேரும். தாள் முதல் வீடு மாற்றத்திலேயே தொலையும். யாரும் கட்டளையிடாத கலையில் சிற்பியின் நோக்கத்துக்கு இருக்கும் நேரடிச் சாட்சி அந்தத் தாள் ஒன்றுதான். அரசுப் பதக்கத்துக்கு லூபா தீர்மானங்களைத் தேடி அச்சிட்டார். இவற்றுக்குத் தேட வேண்டியது இந்தக் குறிப்புகளை.

இந்தக் குறையைத் தீர்த்த நூல் டேவிட் அலெக்சாண்டருடையது. 1909 முதல் 1995 வரையிலான அமெரிக்கக் கலைப் பதக்கங்களை, பதக்க நண்பர்கள் வட்டம், சொசைட்டி ஆஃப் மெடலிஸ்ட்ஸ் இரண்டையும் ஒரே நூலில் சேர்த்து, வெளியீடு வெளியீடாக, சிற்பியின் வாழ்க்கையோடு அவர் பதிவு செய்தார். அமெரிக்க நாணயவியல் கழகம் அதை வெளியிட்டது. தொடர் நின்று 15 ஆண்டுகள் ஆன பிறகுதான் அதன் முழு வரிசையை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. பெரிய நகரச் சிலைகளைச் செய்தவர்கள் பெயர் எப்படியும் நிலைத்திருக்கும். இந்த வரிசைக்கு ஒரே ஒரு பதக்கம் செய்து, மற்றபடி மறக்கப்பட்ட சிற்பிகளுக்கு இந்த நூல் ஒரு முகவரியைத் திருப்பிக் கொடுத்தது. தொகுப்பு வேலையின் மதிப்பை நான் இங்கேதான் காண்கிறேன், ஏலவிலையில் அல்ல.

மெடாலிக் ஆர்ட் கம்பெனி 1972இல் நியூயார்க்கை விட்டு கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரிக்குப் போனது. பிறகு பல கைகள் மாறி, பல மாநிலங்கள் சுற்றியது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் அச்சுகளும் கால்வனோக்களும் டன் கணக்கில் கூடவே பயணப்பட்டன. பழைய எஃகாகவும் செம்பாகவும் எடைக்குப் போய்விடக்கூடிய பொருள்கள் அவை. 2018இல் அந்தக் களஞ்சியம் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் கைக்கு வந்தது: அச்சுகள், கால்வனோக்கள், பிளாஸ்டர் மாதிரிகள், பதக்கங்கள், பதிவேடுகள். சிற்பி கடைசியாகக் கைவைத்த அளவில், திருத்தங்கள் தெரியும்படி, மூல மாதிரிகளே இப்போது கிடைக்கின்றன. அடித்து வெளியான பதக்கத்தையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எங்கே நகர்ந்தது, புடைப்பு எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டு எழுதும் பணிக்கு இதனால் வழி பிறந்திருக்கிறது. கையில் ஒரு பழைய சொசைட்டி பதக்கம் வைத்திருக்கிறவர்களும் இதில் சேரலாம்: துலக்காமல் வையுங்கள், பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், அடியில் மடித்துக் கிடக்கும் அந்தத் துண்டுத்தாளைப் படமெடுத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள்.